ஐந்திணைக் கட்டங்களை எச்டிஎம்எல்லில் எழுதுவது

பள்ளியில் அகப்பொருள் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தக் கட்டங்கள் மறந்திருக்காது. இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. மேலே நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது. எச்டிஎம்எல்லில் பட்டியலும் அட்டவணையும் போடச் சொல்லித்தரும்படி யார் கேட்டாலும் நான் இதைத்தான் கையில் எடுப்பேன். பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதையும் டேக் மேல் வைக்கலாம். அதைவிட முக்கியம், புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஐந்து வரிசைக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. டேக் பெயர்களை இங்கே ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதுகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குறிலாக 'டி' என்று வந்தால் ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து, நெடிலாக 'டீ' என்று வந்தால் இருபதாவது எழுத்து. டேக் பெயரைக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது திறக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்து எழுதினால் மூடுகிறது. நோட்பேடே போதும். கோப்பின் தலைப்பகுதியில் மெட்டா டேக் போட்டு, சார்செட் யூடீஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் எச்டீஎம்எல் டேக்கில் லாங் என்ற அட்ரிப்யூட்டைச் சேர்த்து, தமிழுக்கான டீ, ஏ என்ற இரண்டு எழுத்துகளையும் கொடுங்கள். இது எதற்கென்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பட்டியலில் இருந்து ஆரம்பிப்போம். பட்டியல் போடுவதற்கு முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வரிசையை மாற்றினால் பொருள் கெடுமா?

பெரும்பொழுதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் கார் தொடங்கி ஆடியில் முதுவேனில் முடியும். முன்பனிக்கு முன்னால் பின்பனியை எழுத முடியாது. ஆகவே இதற்கு ஓஎல், அதாவது வரிசைப் பட்டியல். திணைகளின் பெயர்கள் அப்படியல்ல. தொல்காப்பியர் முல்லையில் தொடங்குகிறார், பள்ளிப் புத்தகங்கள் குறிஞ்சியில் தொடங்குகின்றன. இரண்டிலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆகவே அதற்கு யூஎல், வரிசையில்லாப் பட்டியல். இரண்டிலுமே ஒவ்வொரு உருப்படியும் ஒரு எல்ஐ. ஓஎல்லைத் திறந்து, அதற்குள் எல்ஐ திறந்து, கார் என்று எழுதி, எல்ஐயை மூடி, அடுத்த எல்ஐயில் கூதிர், இப்படியே ஆறும் முடிந்ததும் ஓஎல்லை மூடினால் 1, 2, 3 என்று எண்கள் தாமாக வந்து நிற்கும். யூஎல் என்றால் புள்ளிகள் வரும்.

எண் வேண்டும் என்பதற்காக ஓஎல்லையும் புள்ளி வேண்டும் என்பதற்காக யூஎல்லையும் தேர்ந்தெடுக்காதீர்கள். தோற்றத்தைப் பிறகு, அதற்கென்றே உள்ள சிஎஸ்எஸ் என்ற மொழியில் எப்படியும் மாற்றலாம். ஓஎல் என்று எழுதும்போது 'இந்த வரிசைக்குப் பொருள் உண்டு' என்று நீங்கள் ஒரு உண்மையைச் சொல்கிறீர்கள். அந்த உண்மை கோப்பிலேயே இருக்கவேண்டும்.

இதனால்தான் கையால் எண் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒன்று, புள்ளி, கார், வரி முறிக்கும் டேக். இரண்டு, புள்ளி, கூதிர், மறுபடியும் வரி முறிக்கும் டேக். பார்க்கப் பட்டியல் போலவே இருக்கும், ஆனால் பிரவுசருக்கு அது ஒரு நீளமான பத்திதான். நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தால் அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாவற்றையும் திருத்தவேண்டும். ஓஎல்லில் ஒரு எல்ஐயைச் செருகினால் போதும். எண்ணிக்கை ஏழிலிருந்து தொடங்கவேண்டுமா, ஸ்டார்ட் என்ற அட்ரிப்யூட்டில் 7 என்று கொடுங்கள். பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கவேண்டுமா, ரிவர்ஸ்டு என்று ஒரு சொல் போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. சிஎஸ்எஸ்ஸில் லிஸ்ட்-ஸ்டைல்-டைப் என்ற பண்புக்குத் தமிழ் என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் மதிப்பாகக் கொடுக்கலாம். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் வரும். பத்தாவது உருப்படிக்கு ௰ வராது, ௧௦ என்று வரும். இடமதிப்பு முறையில்தான் அது எண்ணுகிறது. அரசாணையிலும் கேள்வித்தாளிலும் வருவதுபோல அ, ஆ, இ என்று வேண்டுமென்றால் அட் குறியோடு கவுண்டர்-ஸ்டைல் என்று எழுதி, ஒரு பெயர் வைத்து, சிஸ்டம் என்பதற்கு ஃபிக்ஸ்டு என்றும், சிம்பல்ஸ் என்பதற்கு அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்துகளையும் கொடுங்கள். பதின்மூன்றாவது உருப்படியிலிருந்து அது 13, 14 என்று சாதாரண எண்ணுக்கு மாறிக்கொள்ளும். நம் எழுத்தில் நம் பட்டியல் எண்ணப்படுவதைத் திரையில் முதன்முதலாகப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி. அதற்காகவாவது ஒருமுறை செய்து பாருங்கள்.

இனி பட்டியலுக்குள் பட்டியல். கார் என்பதற்குக் கீழே ஆவணி, புரட்டாசி. கூதிருக்குக் கீழே ஐப்பசி, கார்த்திகை. உள்ளே வரும் பட்டியல் எந்த உருப்படிக்கு உரியதோ அந்த எல்ஐக்குள் இருக்கவேண்டும். அதாவது எல்ஐ திறந்து, கார் என்று எழுதி, அதை மூடாமலே உள்ளே இன்னொரு ஓஎல் திறந்து, இரண்டு மாதங்களையும் இரண்டு எல்ஐயாகப் போட்டு, உள் ஓஎல்லை மூடி, அதற்குப் பிறகே காரின் எல்ஐயை மூடவேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் கார் என்றதும் எல்ஐயை மூடிவிட்டு அடுத்த வரியில் உள் பட்டியலைத் திறந்துவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆவணியும் புரட்டாசியும் காருக்கு உரியவை என்ற செய்தி அறுந்துபோகிறது. ஓஎல், யூஎல் இரண்டுக்கும் நேர் உள்ளே எல்ஐ மட்டும்தான் பிள்ளையாக இருக்கலாம் என்பது விதி. டபிள்யூ3சியின் இலவசச் சரிபார்ப்புப் பக்கத்தில் உங்கள் கோப்பை ஒட்டினால் இந்தப் பிழையை வரி எண்ணோடு சொல்லிவிடும்.

மூன்றாவதாக ஒரு பட்டியல் இருக்கிறது; அதைப் பலர் தொடுவதேயில்லை. பாடத்தின் முடிவில் 'சொல்லும் பொருளும்' என்று வருமே, அதற்காகவே செய்தது போன்ற டிஎல். சொல்லுக்கு டிடீ, அதன் விளக்கத்துக்கு டிடி. எற்பாடு ஒரு டிடீ, 'பிற்பகல் 2 மணி முதல் மாலை 6 மணி வரை' அதன் டிடி. யாமம், 'இரவு 10 மணி முதல் 2 மணி வரை'. ஒரு சொல்லுக்கு இரண்டு விளக்கம் இருந்தால் இரண்டு டிடி வைக்கலாம். கூதிர், குளிர்காலம் என இரண்டு பெயருக்கு விளக்கம் ஒன்றே என்றால் இரண்டு டிடீயை அடுத்தடுத்து வைத்து ஒரே டிடி போடலாம். கேள்வி-பதில், ஒரு பொருளின் குணங்கள், நூல் விவரம் என எங்கெல்லாம் இரண்டிரண்டாகச் செய்தி வருகிறதோ அங்கெல்லாம் டிஎல் பொருந்தும்.

இந்த டிஎல்லுக்கு நல்ல வயது. 1991 இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் டேக் விவரணத்திலேயே யூஎல்லும் டிஎல்லும் இருந்தன. அட்டவணை இல்லை. அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. டேவ் ராகெட் 1993-இல் முன்வைத்த வரைவில் அட்டவணை இருந்தது. நெட்ஸ்கேப் பிரவுசர் 1995-இல் அதைத் திரையில் காட்டியது. 1997 ஜனவரியில் எச்டிஎம்எல் 3.2 தரத்தில் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தது. வந்த வேகத்திலேயே அதை வேறொரு வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தை இடம், வலம் என்று பிரித்து அடுக்க அப்போது வேறு வழி இல்லை, ஆகவே மெனு ஒரு கட்டத்தில், கட்டுரை ஒரு கட்டத்தில், நடுவில் இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம். இன்று அதற்குச் சிஎஸ்எஸ் இருக்கிறது. பக்க அமைப்புக்கு அட்டவணையைப் பயன்படுத்தக்கூடாது என்று எச்டிஎம்எல் தரமே சொல்கிறது. பழைய பாடங்கள் எதிலாவது அப்படிச் சொல்லித்தந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

அப்படியென்றால் எப்போது அட்டவணை? செய்தியைக் குறுக்கேயும் படிக்கவேண்டும், நெடுக்கேயும் படிக்கவேண்டும் என்றால். நெய்தல் வரிசையைக் குறுக்கே படித்தால் அந்தத் திணையின் முழு முதற்பொருளும் கிடைக்கிறது. சிறுபொழுது என்ற நெடுவரிசையைக் கீழ்நோக்கிப் படித்தால் யாமம், மாலை, வைகறை, எற்பாடு, நண்பகல் என்று ஐந்து திணையையும் ஒப்பிடமுடிகிறது. இரண்டு வழியிலும் பொருள் கிடைத்தால் அது அட்டவணை. ஒரு வழியில் மட்டும் கிடைத்தால் பட்டியல்.

| திணை | நிலம் | பெரும்பொழுது | சிறுபொழுது |
|---|---|---|---|
| குறிஞ்சி | மலையும் மலை சார்ந்த இடமும் | கூதிர், முன்பனி | யாமம் |
| முல்லை | காடும் காடு சார்ந்த இடமும் | கார் | மாலை |
| மருதம் | வயலும் வயல் சார்ந்த இடமும் | ஆறு பெரும்பொழுதுகளும் | வைகறை |
| நெய்தல் | கடலும் கடல் சார்ந்த இடமும் | ஆறு பெரும்பொழுதுகளும் | எற்பாடு |
| பாலை | தனி நிலம் இல்லை | இளவேனில், முதுவேனில், பின்பனி | நண்பகல் |

இதை எழுதுவோம். டேபிள் திறக்கிறது. உடனே, வேறு எதுவும் வரும் முன், கேப்ஷன்: 'ஐந்திணைகளின் முதற்பொருள்'. அட்டவணையின் தலைப்பு அதற்கு வெளியே ஒரு பத்தியாக நிற்பதைவிட உள்ளே கேப்ஷனாக இருப்பது நல்லது. அப்போதுதான் இரண்டும் பிரியாது. அடுத்து டீஹெட். அதற்குள் ஒரு டீஆர், அதாவது ஒரு கிடைவரிசை. அதற்குள் நான்கு டீஎச்: திணை, நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது. டீஎச் என்பது தலைப்புச் செல். ஒவ்வொன்றிலும் ஸ்கோப் என்ற அட்ரிப்யூட்டுக்கு, நெடுவரிசையைக் குறிக்கும் 'கால்' என்ற மூன்றெழுத்தைக் கொடுங்கள். டீஹெட் மூடுகிறது, டீபாடி திறக்கிறது. இனி திணைக்கு ஒரு டீஆர். அதன் முதல் செல், குறிஞ்சி என்ற பெயர், அதுவும் டீஎச்தான். அதன் ஸ்கோப் 'ரோ'. மீதி மூன்றும் சாதாரணத் தகவல் செல்கள், டீடி. ஐந்து வரிசையும் முடிந்ததும் டீபாடியை மூடி, டேபிளை மூடுங்கள்.

டீஎச் போட்டால் எழுத்து தடிமனாகி நடுவில் நிற்கும். அதையே டீடி போட்டுத் தடிமனாக்கும் டேக்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே தோற்றம் வரும். பிறகு எதற்கு டீஎச், ஸ்கோப் என்று இத்தனை? பார்வையற்ற நண்பர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இணையத்தில் படிப்பதைக் கேட்டால் தெரியும். அவர் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய, விலையில்லாத ஸ்கிரீன் ரீடர். 'எல்' எழுத்தைத் தட்டினால் அடுத்த பட்டியலுக்குத் தாவும், உள்ளே எத்தனை உருப்படி என்று முதலிலேயே சொல்லும். 'டீ' எழுத்தைத் தட்டினால் அடுத்த அட்டவணை. உள்ளே போனதும் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் செல் செல்லாக நகரலாம். நிலம் நெடுவரிசையிலிருந்து வலப்பக்கம் நகர்ந்து பெரும்பொழுதுக்கு வந்தால், செல்லில் உள்ளதை வாசிக்கும் முன் 'பெரும்பொழுது' என்று அந்த நெடுவரிசையின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு வரிசை கீழே இறங்கினால் திணையின் பெயரைச் சொல்கிறது. இதைச் சொல்ல அதற்குத் தெரிந்தது நீங்கள் டீஎச் போட்டதால். டீடியைத் தடிமனாக்கி வைத்திருந்தால் 'எற்பாடு' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எந்தத் திணையின் எற்பாடு, அது நிலமா பொழுதா, கேட்பவர் மூன்று செல் பின்னால் போய்த் தேடவேண்டும். நமக்குக் கண் ஒரே பார்வையில் மேலேயும் இடப்பக்கமும் போய்த் திரும்பிவிடுகிறது. அந்தப் பார்வையின் வேலையை அவருக்காகச் செய்வது டீஎச்சும் ஸ்கோப்பும்தான். ஆரம்பத்தில் லாங் அட்ரிப்யூட்டைப் போடச் சொன்னதும் இதற்காகத்தான். பக்கம் தமிழ் என்று அறிவித்திருந்தால் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும்.

பட்டியலிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. மெனுவுக்காக யூஎல் எழுதிவிட்டு, சிஎஸ்எஸ்ஸில் லிஸ்ட்-ஸ்டைல் நன் என்று புள்ளிகளை எடுத்துவிடுவோம். ஆப்பிளின் சஃபாரியில் வாய்ஸ்ஓவர் வைத்துப் படிப்பவர்களுக்கு அதன்பின் அது பட்டியல் என்றே அறிவிக்கப்படாமல் போகலாம். ரோல் என்ற அட்ரிப்யூட்டில் லிஸ்ட் என்று சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

மறுபடி அட்டவணைக்கு வருவோம். மருதத்துக்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது ஒன்றே, ஆறும். இரண்டு செல்லையும் ஒன்றாக்க மருத வரிசையில் உள்ள அந்த டீடியில் ரோஸ்பேன் 2 என்று கொடுக்கலாம். இங்கே எண்ணிக்கையில் கவனம் வேண்டும். அந்தச் செல் நெய்தல் வரிசைக்குள்ளும் இறங்கி ஒரு இடத்தை எடுத்துக்கொண்டது, ஆகவே நெய்தல் டீஆரில் மூன்று செல்கள்தான் எழுதவேண்டும்: நெய்தல், அதன் நிலம், எற்பாடு. பழக்கத்தில் நான்காவதையும் எழுதிவிட்டால் அட்டவணையின் வலப்பக்கம் ஒரு கட்டம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அட்டவணை கோணலாகத் தெரிகிறதென்று யார் அனுப்பினாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்பேன் எண்ணிக்கையை. குறுக்கே இணைக்கக் கால்ஸ்பேன். அதற்கும் இதே கணக்கு.

செல்களை இணைக்கும் வழி தெரிந்திருக்கவேண்டும், ஆனால் இந்த அட்டவணையில் நான் இணைக்கமாட்டேன். மேலே இருப்பதுபோல இரண்டு இடத்திலும் 'ஆறு பெரும்பொழுதுகளும்' என்றே எழுதுவேன். நாளைக்குத் தொல்காப்பிய வரிசைப்படி முல்லையை முதலில் கொண்டுவரவோ, அகரவரிசையில் அடுக்கவோ நினைத்தால் இணைத்த செல் குறுக்கே நிற்கும். இரண்டு சொல் கூடுதலாக எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

பாலையின் நிலத்துக்கு என்ன எழுதுவது என்பது நல்ல கேள்வி. தொல்காப்பியர் நிலம் சொன்னது நான்குக்குத்தான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சுரமும் சுரம் சார்ந்த இடமும் என்று எழுதும் பாடநூல்களும் உண்டு. எதை ஏற்றாலும் சரி, அந்த டீடியை வெறுமையாக விடாதீர்கள். வெற்றுச் செல்லைப் பார்ப்பவருக்கு, நிலம் இல்லையா, எழுத மறந்துவிட்டார்களா, தெரியாமல் விட்டார்களா என்பது புரியாது. கேட்பவருக்கு இன்னும் குழப்பம். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். செல்லையே எழுதாமல் தாண்டிவிட்டால் நிலைமை மோசம்: கூடவே மற்றவை எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, பாலையின் நிலம் 'இளவேனில்' என்று ஆகிவிடும்.

இன்னொரு விநோதம். அட்டவணைக்கு நடுவே, இரண்டு வரிசைகளுக்கு இடையில், ஒரு குறிப்பை எந்தச் செல்லிலும் போடாமல் எழுதினால், பிரவுசர் அதைத் தூக்கி அட்டவணைக்கு மேலே வைத்துவிடும். கோப்பில் கீழே இருப்பது திரையில் மேலே எப்படி வந்தது என்று தேடி அலையவேண்டாம். டீடி, டீஎச், கேப்ஷன் இவற்றுக்கு வெளியே அட்டவணைக்குள் எழுத்துக்கு இடமே கிடையாது. அதேபோல டீபாடியை நீங்கள் எழுதாவிட்டால் பிரவுசரே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் தீங்கில்லை, ஆனால் டேபிளின் நேர்ப் பிள்ளையான டீஆர் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதினால் அது எதையும் பிடிக்காது. நடுவில் டீபாடி வந்துவிட்டது.

கோடுகளுக்குப் பழைய பார்டர் 1 அட்ரிப்யூட் வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் டீஎச், டீடி இரண்டுக்கும் மெல்லிய பார்டரும் கொஞ்சம் பேடிங்கும் கொடுத்து, டேபிளுக்கு பார்டர்-கொலாப்ஸ் கொலாப்ஸ் என்று எழுதினால் இரட்டைக் கோடு ஒற்றையாகிவிடும். எண்கள் உள்ள நெடுவரிசையை வலப்பக்கம் ஒட்டி அடுக்குங்கள்.

கைபேசிதான் பெரிய சோதனை. நெடுவரிசை, தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே குறுகாது. தமிழ்ச் சொற்கள் புணர்ந்து புணர்ந்து நீள்பவை. 'ஆறு பெரும்பொழுதுகளும்' போன்றவை அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வந்தால் அட்டவணை திரையைத் தாண்டிப் போய், பக்கம் முழுவதும் இடவலமாக ஆடத் தொடங்கும். சொற்களை எங்கு வேண்டுமானாலும் உடைக்கச் சொல்லும் சிஎஸ்எஸ் பண்புகள் இருக்கின்றன. தமிழுக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன், 'பெரும்பொ' ஒரு வரியிலும் 'ழுது' மறுவரியிலும் வருவதைப் படிக்கமுடியாது. அட்டவணையை ஒரு டிவ்வுக்குள் வைத்து, அந்த டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ என்று கொடுத்துவிடுங்கள். அட்டவணை மட்டும் விரலால் நகரும், பக்கம் அசையாது. அந்த டிவ்வுக்கு டேப்இண்டெக்ஸ் 0 என்றும் சேர்த்தால் விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவர்களும் நகர்த்தலாம்.

இவ்வளவு வேலை எதற்கு, வேர்டில் போட்டுப் படமாக எடுத்து ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாடத்திட்டம், ரயில் நேரம், கட்டண விவரம் எல்லாம் தமிழில் இப்படிப் படமாகவே சுற்றுகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. படத்துக்குள் இருக்கும் 'வைகறை'யைப் பக்கத்தில் தேடிப் பிடிக்கமுடியாது. ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் ஒரு படம். கைபேசியில் விரலால் பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது. ஒரு பொழுதைத் திருத்த வேண்டுமென்றால் படத்தையே மறுபடி செய்யவேண்டும். உண்மையான டேபிளாக இருந்தால் படிப்பவர் அதைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து லிப்ரெஆபிஸ் கால்க்கிலோ எக்செல்லிலோ ஒட்டலாம். கட்டம் கட்டமாக அப்படியே உட்காரும். ஒரு ஆசிரியர் அதில் உரிப்பொருளுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துத் தன் வகுப்புக்கு எடுத்துப்போகலாம்.

முதற்பொருள் அட்டவணை சரியாக வந்துவிட்டால் அடுத்துக் கருப்பொருளுக்குப் போங்கள். குறிஞ்சிக்கு விலங்கு புலி, கரடி, சிங்கம். பறவை கிளி, மயில். மரம் அகில், வேங்கை. பூ குறிஞ்சி, காந்தள். ஒரு கட்டத்துக்குள் பல உருப்படிகள், அவற்றுக்குள் முன்பின் கிடையாது. டீடிக்குள் ஒரு யூஎல்லைத் திறந்து ஒவ்வொன்றையும் எல்ஐயாகப் போடலாம்; அதற்குத் தடை எதுவும் இல்லை. டீடியை மூடும் முன் யூஎல்லை மூடிவிட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.